அரைப்படம்

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்துக்குள் நுழைந்தேன். வாசிக்கப் போகவில்லை. பஸ் வரப் பிந்தியது, காது விறைத்துவிட்டது, அவ்வளவுதான். உள் கதவில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பெடியன், காதுவரை இறங்கிய பெரிய தொப்பி, கையில் சைக்கிள், பின்னால் பனி. நான் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த மனிதர் இரண்டு தரம் 'சொறி' சொன்ன பிறகுதான் வழி விட்டேன்.

என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஜாம் போத்தல் விளக்கில் கணக்குச் செய்தவர்கள், சைக்கிள் டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டவர்கள், இன்றைக்கு ஸ்காபரோவில் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு இருப்பவர்கள். என் மகளுக்குச் சொன்னால் ஐந்தாவது நிமிடத்தில் போனைப் பார்ப்பாள். அவளில் பிழை இல்லை. அவளுக்கு எந்தப் படமும் பாதியில் நின்றதில்லை. எனக்கு ஒரு படம் நின்றது. பன்னிரண்டு வயதில் அதன் முக்கால்வாசியைப் பார்த்தேன். மீதியைப் பார்க்க முப்பது வருடத்துக்கும் மேலே எடுத்தது.

நான் தேடாமல் இருக்கவில்லை. மகளைப் பக்கத்தில் இருத்தித் தேடியிருக்கிறேன்.

"படத்தின்ரை நேம் என்ன அம்மா?"

"தெரியாது."

"அக்டர்ஸ்?"

"தெரியாது. பனி வரும். சைக்கிள் வரும். பெரிய தொப்பி."

"லாங்குவேஜ்?"

"செக் நாட்டுப் படம். ஒரு பெரிய புத்தகத்தைத்தான் படமாக்கினதாம். கசற்றிலை எழுத்துக்கு மேலை சின்னச் சின்னக் கொக்கி கிடந்தது."

"அம்மா, திஸ் இஸ் லைக் நத்திங்" என்றாள். என்றாலும் பாவம், அரை மணித்தியாலம் தேடினாள். பனியும் சைக்கிளும் உள்ள படங்கள் உலகத்தில் ஏராளம். அந்தத் தொப்பி மட்டும் எதிலும் இல்லை.

இப்போது அந்தத் தொப்பி நூலகக் கதவில் இருந்தது. வியாழன் பின்னேரம் இரண்டு மணிக்குக் காட்டுகிறார்களாம், தேநீரும் பிஸ்கற்றும் உண்டு, ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். எனக்கு ஐம்பதுக்கே இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பதிவு செய்கிற பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள், வயதைக் கேட்காமலே பெயரை எழுதிக்கொண்டாள். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

கரண்ட் போய் நாங்கள் அதை மறந்தேவிட்ட காலம் அது. சண்டையால் கொழும்புக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது. அப்பா கொழும்பில் அகப்பட்டுக்கொண்டார். வீட்டில் அம்மா, பதினேழு வயது அண்ணன், நான். பக்கத்து வளவில் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் திருத்துகிறவர். அவருக்கு அப்போது கலியாணமாகவில்லை. பின்னேரங்களில் எங்கள் வீட்டில்தான் தேத்தண்ணீர். அண்ணனுக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம் என்றாலும் கூட்டாளிகள். இரண்டு பேரும் எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பார்கள். கழற்றியதைப் பூட்டும்போது ஒரு ஆணி எப்போதும் மிஞ்சும்.

சித்தப்பாவிடம் ஒரு சின்ன ஜெனரேற்றர் இருந்தது. அது பெற்றோலுக்குச் செய்தது. பெற்றோல் எங்கே? ஆகவே அவரும் அண்ணனும் சேர்ந்து அதை மண்ணெண்ணெய்க்குப் பழக்கினார்கள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும் குழாய் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் வழியாக நாலு துளி பெற்றோலைச் சொட்டவிட்டு இயந்திரத்தை எழுப்புவார்கள். எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அது இருமும், துப்பும், கறுப்பாகப் புகைக்கும், பிறகு ஒரு மாதிரி ஓடும். அந்தப் புகையின் மணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஸ்காபரோவில் பனி தள்ளும் இயந்திரம் ஏதாவது பழுதாகிப் புகைத்தால் நான் ஜன்னலைத் திறந்து மூச்சை இழுப்பேன். மகள் இதை ஏதோ நோய், வருத்தம் என்று நினைக்கிறாள்.

ஊரில் இன்னொருவரையும் உங்களுக்குச் சொல்லவேண்டும். போஸ்ட் மாஸ்டர். எல்லாருக்கும் வெறும் மாஸ்டர். கடிதமும் வராத, தந்தியும் வராத தபாற்கந்தோரை ஒவ்வொரு நாளும் எட்டரை மணிக்குத் திறந்து நாலரைக்குப் பூட்டிய மனிதர். பழைய தந்திக்காரர். தந்தியில் சொல்லைச் சுருக்கிச் சுருக்கி அவருடைய பேச்சும் சுருங்கிவிட்டது. "காச்சல். பள்ளிக்கூடம் இல்லை. நல்லம்" என்பார், என்னை றோட்டில் கண்டால்.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த விரிவுரையாளர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது ஒரு பெட்டி வீடியோக் கசற்றை மாஸ்டரிடம் விட்டுப் போயிருந்தார். அதற்குள்தான் அந்தப் படம் இருந்தது. கசற்றின் மட்டையில் தபால்காரப் பெடியனைக் கண்டதும் மாஸ்டருக்குத் தலைகால் தெரியவில்லை. ஊருக்குக் காட்டியே தீருவேன் என்று நின்றார். தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் அவருடையவை, இயந்திரம் சித்தப்பாவுடையது. நுழைவுச் சீட்டு மண்ணெண்ணெய். வீட்டுக்கு ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்து சித்தப்பாவின் எண்ணெய்க் கானில் ஊற்றவேண்டும். விளக்குக்குச் சொட்டுச் சொட்டாக விட்ட காலத்தில் ஒரு போத்தல் என்பது என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆவணி மாதத்து வெயில். பின்னேரம் மூன்று மணி. இரவில் வெளிச்சம் தெரிந்தால் குண்டு போட வரும் பொம்பருக்கு வழி காட்டியதுபோல ஆகிவிடும் என்று பகலில்தான் படம். தபாற்கந்தோரின் ஜன்னல்களைச் சாக்கால் மூடினார்கள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க, பின்வளவில் குண்டுவீச்சுக்குப் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் ஜெனரேற்றரை இறக்கினார்கள். சித்தப்பா அதனோடு கீழே. நாங்கள் முத்திரை விற்கும் கம்பிக்கூட்டுக்கு முன்னால் நிலத்தில் நெரிந்து இருந்தோம். வேர்வை மணம், சாக்கு மணம், பழைய பசை மணம். எனக்குப் பக்கத்தில் அண்ணன். அம்மா கதவோரம்.

படத்தில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. மாஸ்டர் கதிரையில் ஏறி நின்று அதைத் தமிழில் சொன்னார். எப்படிச் சொல்லியிருப்பார்?

"பெடியன். புது வேலை. தொப்பி பெரிசு. தாய் சிரிக்கிறா."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பாண் சுடுகிற கடைப் பெட்டையோடு பெடியன் முகத்துக்கு முகம் கிட்டப் போனபோது மாஸ்டர் இருமினார். "கதைக்கினம்" என்றார்.

"மாஸ்டர், உதுதான் கதைக்கிறதோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நெருங்கிக் கதைக்கினம்" என்றார் மாஸ்டர்.

பனியைப் பற்றியும் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். உப்பு என்றாள் ஒருத்தி. பஞ்சு என்றான் இன்னொருவன். உப்பில் எப்படிச் சைக்கிள் ஓடும், சில்லுத் துருப்பிடிக்காதா? அண்ணன்தான் தண்ணீர் எப்படிப் பனியாகிறது என்று என் காதுக்குள் விளங்கப்படுத்தினான். எனக்கு விளங்கவில்லை. இப்போது ஒவ்வொரு மாரியும் வாசலில் மூன்று அடிக்கு அள்ளிக் கொட்டுகிறேன், நன்றாக விளங்குகிறது.

கதை இதுதான். சின்ன ஊர், உள்ளே ஜேர்மன்காரப் பட்டாளம். பெடியனுக்குப் பதினேழு வயது. தபால் கொடுக்கிற வேலை கிடைக்கிறது. அவனுக்குத் தெரிந்த உலகம் எல்லாம் பாண்கடைப் பெட்டையும் சைக்கிளும்தான். மெல்ல மெல்ல ஊரில் நடப்பதைப் பார்க்கத் தொடங்குகிறான். கொண்டுபோன கடிதத்தைப் பிரித்த வீட்டில் ஒப்பாரி எழும்புகிறது. ஒரு வீட்டில் கதவு திறக்க ஆளே இல்லை. கடைசியில் பட்டாளத்தை எதிர்க்கிற ஆட்களில் ஒருவர் அவனுடைய பையில் ஒரு பொதியை வைக்கிறார். பாலத்தைக் கடந்து போகவேண்டும். பாலத்தில் காவல்.

அந்த இடத்தில் சபை அடங்கிவிட்டது. அதுவரை சிரித்த ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பெடியன் சைக்கிளில் ஏறுகிறான். தொப்பியைச் சரி செய்கிறான். அண்ணன் முழங்காலில் எழும்பி நின்றான். பின்னால் இருந்தவர்கள் "இருடா, மறைக்குது" என்றார்கள், அவனுக்குக் கேட்கவில்லை. நான் அண்ணனைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் அம்மா இல்லை.

பாலத்தில் பாதி தூரம். இயந்திரம் ஒரு தரம் விக்கியது. திரையில் பெடியன் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி, புள்ளியும் போய்விட்டது.

பிறகு கேட்க வேண்டுமா! "என்ன அநியாயம்!", "ஆராவது போய்ப் பாருங்கோ!" என்று ஒரே கூச்சல். சித்தப்பா பங்கருக்குள்ளிருந்து கரியோடு ஏறிவந்து வாசலில் நின்றார்.

"மண்ணெண்ணை முடிஞ்சுது" என்றார்.

"எப்பிடி முடியும்? இத்தினை வீட்டுப் போத்தல் ஊத்தினது!"

"முடிஞ்சுது" என்றார் மறுபடியும். நிலத்தைத்தான் பார்த்தார்.

மாஸ்டர் கையைத் தட்டி எல்லாரையும் இருத்தினார். மிச்சத்தைத் தான் சொல்வதாகச் சொன்னார்.

"பெடியன் பாலம் கடந்தான். மாமன் வீடு போனான். படிச்சான். சண்டை முடிஞ்சுது. திரும்பி வந்தான். தாய் சோறு குடுத்தா. முற்றும்."

"அந்த ஊரிலை சோறோ மாஸ்டர்?"

"பாண். பாண் குடுத்தா."

அண்ணன் இன்னும் முழங்காலில்தான் நின்றான். "பொதி என்ன நடந்தது?"

"குடுத்தாச்சு."

"ஆரிட்டை? உள்ளுக்கு என்ன இருந்தது?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தபால்காரன் பொதியைப் பிரிக்கக் கூடாது, தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான வசனம் அதுதான்.

அம்மா கதவோரம் திரும்பி வந்து நின்றார். வீட்டுக்குப் போகும்போது நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். கையில் மண்ணெண்ணெய் மணத்தது. நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் எல்லாவற்றையும் கேட்கிற நான் அதை ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நாலு நாள் கழித்து அண்ணன் எங்கள் கொட்டிலுக்கு விறகு எடுக்கப் போன இடத்தில், விறகுக்குப் பின்னால், சாக்கால் மூடிய கான் ஒன்றைக் கண்டான். தூக்கிக்கொண்டு வந்து குசினி வாசலில் வைத்தான். கால்வாசிக்கு மேல் மண்ணெண்ணெய் தளும்பியது. சித்தப்பா அப்போதுதான் தேத்தண்ணீர்க் கோப்பையை வாயில் வைத்திருந்தார்.

"சித்தப்பா, இது என்ன?"

சித்தப்பா கோப்பையை வாயிலிருந்து எடுத்தார்.

"ஊர்ச் சனத்தின்ரை எண்ணை. முடிஞ்சுது எண்டு சொன்னனீங்கள். கிழவியள் விளக்கு எரிக்காமல் கொண்டந்து ஊத்தினது, தெரியுமோ? களவெடுத்து எங்கடை வீட்டுக்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள். என்னையும் கள்ளன் ஆக்கிப்போட்டியள்."

"தம்பி, சத்தம் போடாதை" என்றார் அம்மா.

"நீங்களும் கூட்டோ அம்மா?"

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு சித்தப்பா கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, "நான்தான் ஒளிச்சனான். அண்ணிக்குத் தெரியாது" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் அந்தக் கானைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். கதை ஊர் முழுக்கப் பரவியது. அன்றைக்கே சித்தப்பாவுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அரைப்படம். "அரைப்படம் வாறார், போத்தலை ஒளியுங்கோ." இயந்திரம் திருத்தக் கூப்பிடுகிறவர்களும் அவர் முன்னால் எண்ணெயை அளந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். நம்ப மாட்டீர்கள், பிறகு அவர் கடல் கடந்து கனடாவுக்கு வந்தபோதும் அந்தப் பெயர் பின்னாலேயே வந்தது. போன வருடம் ஒரு பிறந்தநாள் வீட்டில்கூட யாரோ "அரைப்பட அங்கிள்" என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நானும் நம்பினேன். அம்மாவின் கை மணத்தது எனக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தார்கள், அம்மாவைக் காப்பாற்றச் சித்தப்பா பொய் சொன்னார், இப்படித்தான் என் கணக்கு. அண்ணன் இரவில் படிக்க விளக்குக்கு எண்ணெய் போதாது என்று அம்மா அந்த மாதம் முழுக்கப் புலம்பியிருந்தார். ஆகவே காரணமும் சரியாகப் பொருந்தியது. பிள்ளைகள் எதையும் காணவில்லை என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் கண்டோம். கண்டு பிழையாக விளங்கிக்கொண்டோம்.

அண்ணன் சித்தப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டான். பின்னேரத் தேத்தண்ணீரும் நின்றது. கழற்றிப் போட்ட ஒரு மோட்டர் எங்கள் விறாந்தையில் அப்படியே கிடந்து துருப்பிடித்தது.

கழற்றுவதற்குக் கூட்டாளி இல்லாமல் அண்ணன் என்னோடு ஒரு விளையாட்டுக்கு வந்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நான் கையால் பெடலைச் சுற்றுவேன், டைனமோவில் றேடியோ பாடும். அவன் அலைவரிசையைத் திருகியபடி கேட்பான், "இண்டைக்கு நீ சொல்லு. பொதிக்குள்ளை என்ன?"

"குண்டு."

"உது எல்லாரும் சொல்லுவினம். வேறை சொல்லு."

"தங்கம்."

"விசரி. தங்கத்தை ஆர் தபால்காரனிட்டைக் குடுக்கிறது?"

"உன்ரை முறை. நீ சொல்லு."

"துவக்கைப் பாகம் பாகமாக் கழட்டி வைச்சிருப்பினம். இல்லாட்டி வரைபடம்." ஒரு நாள், "ஆரின்ரையோ பேர் எழுதின பட்டியல்" என்றான். ஒரு நாள் றேடியோவை நிறுத்திவிட்டு, "என்னெண்டாலும் அது பெரிய விசயமாத்தான் இருக்கும். இல்லாட்டி அவனை ஏன் அனுப்பப்போகினம்" என்றான். ஆவணி போய்ப் புரட்டாதி, ஐப்பசி. மழை தொடங்கியது. எனக்கு அவனோடு அவ்வளவு நேரம் அதற்கு முன்னர் ஒருபோதும் கிடைத்ததில்லை. அந்தப் பருவம்தான் என் சின்ன வயது. முன்னும் பின்னும் எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, ரியூசனுக்குக் கொப்பியைச் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

"இண்டைக்கு நீ சொல்லு" என்றான் படலையடியில்.

"பாண்" என்றேன். பசியாக இருந்தது.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "பாணோ! வந்து கதைக்கிறன்."

வரவில்லை. பௌதிகப் புத்தகத்துக்குள் கடிதம் இருந்தது. இயக்கத்தில் சேர்ந்து போராடப் போகிறேன், தேட வேண்டாம் என்று. அம்மா கடிதத்தை வாசிக்கக்கூட இல்லை, கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அதுவும் எனக்கு அப்போது விளங்கவில்லை. எட்டு மாதம் கழித்து அவனைக் கொண்டுவந்தார்கள். பெட்டி மூடியிருந்தது. சித்தப்பா படலைக்கு வெளியே நின்று அழுதார், உள்ளே வரவில்லை. அதற்கு மேல் நான் எழுதமாட்டேன், என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

சரி, வியாழக்கிழமை. நூலகத்து அறையில் பதினைந்து பேர். எனக்குப் பக்கத்தில் வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். இந்தப் படத்தை முன்னர் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். அரைவாசி என்றேன். நல்ல பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

படம் தொடங்கியது. இந்த முறை எழுத்தை நானே வாசித்தேன். மாஸ்டர் ஒரு வார்த்தையும் பிழையாகச் சொல்லவில்லை என்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டேன். குறைத்திருந்தார், அவ்வளவுதான். பாண்கடைப் பெட்டை வந்தாள். நெருங்கிக் கதைத்தார்கள். நான் ஒரு ஆளாய்ச் சிரித்தேன். பொதி வந்தது. பெடியன் பாலத்தில் ஏறினான். பாதிப் பாலம் வந்ததும் என் கை கதிரைப் பிடியை இறுக்கிக்கொண்டது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று உடம்பு சொன்னது. நிற்கவில்லை. சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது.

காவல்காரனும் ஒரு பெடியன்தான். பயந்தவன். நில் என்கிறான். பனியில் பிரேக் பிடிக்கவில்லை, சைக்கிள் சறுக்குகிறது. சுட்டுவிடுகிறான். தொப்பி உருண்டு போகிறது. பட்டாளத்து ஆட்கள் ஓடிவந்து பொதியைப் பிரிக்கிறார்கள். பழைய கடதாசி. இன்னும் கடதாசி. உள்ளே ஒரு செங்கல்.

வெறும் செங்கல். அடுத்த காட்சியில், பொதியைக் கொடுத்த மனிதர் தன் ஆட்களிடம் சொல்கிறார்: பெடியன் நம்பக்கூடியவனா என்று சோதிக்கத்தான் அனுப்பினோம், நம்பக்கூடியவன்தான். கடைசிக் காட்சியில் தாய் தபாற்கந்தோர் வரிசையில் நிற்கிறாள். தனக்கு ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்கிறாள்.

விளக்கைப் போட்டார்கள். மூதாட்டி என் கையைத் தொட்டு, "அரைவாசி பார்த்ததே நல்லதுபோல" என்றார் ஆங்கிலத்தில். நான் குளிர்ச்சட்டையின் ஒரு கையை மட்டும் போட்டபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அண்ணனின் விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. துவக்கு. வரைபடம். பட்டியல். பெரிய விசயமாத்தான் இருக்கும்.

சனிக்கிழமை ஒஷாவாவுக்குப் போனேன். மகள் கார் ஓடினாள். சித்தப்பா அங்கே தன் மகள் வீட்டில் இருக்கிறார். மனைவி இறந்துவிட்டார். காராஜுக்குள் பக்கத்து வீட்டுக்காரரின் பனி தள்ளும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உதிலை ஒண்டு எப்பவும் மிஞ்சும் சித்தப்பா" என்றேன்.

"இஞ்சை ஒண்டு குறையுது பிள்ளை. கனடாச் சாமான்" என்றார்.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு நேரே கேட்டேன். "அண்டைக்கு மண்ணெண்ணை முடியேல்லைத்தானே?"

அவர் தேடுவதை நிறுத்தவில்லை. "இப்ப ஏன் அது?"

"அம்மா பங்கருக்கு வந்தவ. எனக்குத் தெரியும். கை மணத்தது."

ஒரு வாளியைக் கவிழ்த்து இருந்தார். கையைத் துணியில் துடைத்தார், விரல் விரலாக.

"அண்ணி அதுக்கு முதல் நாள்தான் உன்ரை அண்ணன்ரை புத்தகத்துக்கை கடிதம் கண்டவ. நாள் போடாத கடிதம். போறதெண்டு எழுதி வைச்சிருக்கிறான், எப்ப எண்டு தெரியாது. கேட்டால் அண்டைக்கே போயிடுவான் எண்டு வாயைத் திறக்கேல்லை. படத்திலை பெடியன் பொதியோடை வெளிக்கிட, இவன் எழும்பி நிண்டிருக்கிறான். அண்ணி ஓடி வந்தவ. 'தம்பி, நிப்பாட்டு. மாஸ்டர் மட்டையிலை வாசிச்சவராம், கடைசியிலை வீரச்செயலாம். இதைப் பாத்தானெண்டால் நாளைக்கு என்ரை பிள்ளை இல்லை' எண்டவ. நான் யோசிக்கேல்லை. நிப்பாட்டினனான். அண்ணி கானைத் தூக்கிக்கொண்டு போய் ஒளிச்சவ."

"மாஸ்டருக்குத் தெரியுமோ?"

"அண்ணி கதவடியிலை இருந்து ஓடேக்கை, அவர் கதிரையிலை நிண்டபடி முகத்தைப் பாத்திருக்கிறார். தந்திக்காரன். வாசிச்சுப்போட்டார்."

"பிறகாவது அண்ணனுக்குச் சொல்லியிருக்கலாமே. உங்களைக் கள்ளன் எண்டு நினைச்சபடி போனவன்."

"சொன்னால் கடிதம் வாசிச்சது தெரிஞ்சிடும். அண்ணி வேண்டாம் எண்டவ." துணியை மடித்து முழங்காலில் வைத்தார். "கள்ளன் எண்டு சொன்னது எனக்குப் பெரிசில்லை பிள்ளை. என்னோடை கதையாமல் போனான். அதுதான்."

அம்மா இதை ஒருபோதும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்காபரோவில் என்னோடு பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தார். கடைசிவரை சொல்லவில்லை. எனக்கு அம்மாவில் கோபம் வந்தது. அந்த நிமிடமே அது போய்விட்டது. பிள்ளையைப் பிடித்து வைக்க அவரிடம் வேறு என்ன இருந்தது?

சித்தப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ ஏன் இப்ப இதைக் கேக்கிறாய்? உனக்கு ஆர் சொன்னது?"

"படம் பாத்தனான் சித்தப்பா. வியாழக்கிழமை. முழுக்க."

அவர் வாளியிலிருந்து எழும்பிவிட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர், கையை ஊன்றாமல் எழும்பினார். "முழுக்கவோ? கடைசியும் வந்ததோ?"

"ஓம்."

"நான் ஒரு துண்டும் பாக்கேல்லை. பங்கருக்கை இருந்தனான். மெசின் சத்தம்தான் கேட்டது." கிட்ட வந்தார். "பொதிக்குள்ளை என்ன இருந்தது பிள்ளை?"

அண்ணன் செங்கல்லைப் பார்த்திருந்தால் போயிருக்கமாட்டான் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பார்த்த பிறகும் போயிருக்கலாம். ஆனால் பார்த்திருந்தால் ஒரு நாளாவது யோசித்திருப்பான். எனக்கு அவனைத் தெரியும், எதையும் கழற்றிப் பார்க்கிறவன். அவனைத் தடுக்கக்கூடிய ஒன்று அந்த நாட்டில் அன்றைக்கு இருந்திருந்தால், அது அந்தக் கசற்றின் கடைசிப் பத்து நிமிடத்தில் இருந்தது. அதைத்தான் இவர்கள் நிறுத்தினார்கள்.

சித்தப்பா காத்துக்கொண்டு நின்றார். கையில் கரி. அன்றைக்கும் அப்படித்தான் வந்து வாசலில் நின்றார்.

"குண்டு" என்றேன்.

"குண்டோ?"

"பெரிய குண்டு சித்தப்பா. பாலத்தோடை பட்டாளம் முழுக்கப் போச்சுது. படம் முடிய எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டிச்சினம். பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரக் கிழவி அழுதவ."

அவர் மெல்ல வாளியில் இருந்தார். பிறகு தனக்குத்தானே தலையை ஆட்டினார்.

"அண்ணி சொன்னது சரி. பாத்திருந்தால் அடுத்த நாளே போயிருப்பான்." மூன்று விரலை எனக்கு நீட்டிக் காட்டினார். "மூண்டு மாசம் பிள்ளை. அதுக்குப் பிறகும் மூண்டு மாசம் அவன் வீட்டிலை சோறு திண்டவன்."

பிறகு குனிந்து, ஆணியைத் தேடத் தொடங்கினார்.

என் வயதுக்காரர்களே, உங்களில் சிலருக்கு அவரைத் தெரியும். கடையிலோ கோயிலிலோ கண்டால் இனி அந்தப் பெயரால் கூப்பிடாதீர்கள். இன்னொன்று. நூலகத்தில் அந்தப் படத்தை மறுபடியும் போடப் போகிறார்களாம். நீங்கள் போய்ப் பார்க்கவும் கூடும். பார்த்துவிட்டு ஒஷாவாப் பக்கம் போனால் அவர் கட்டாயம் கேட்பார், அவருக்கு அந்த ஆசை இன்னும் அடங்கவில்லை. குண்டு என்று சொல்லுங்கள்.